வேலி, கேட், பந்தல்: கோளாறைப் பார்த்துக் கணக்கைத் திருத்தும் வழி

நான் போட்ட முதல் வேலியில் கேட்டை மட்டும் மூன்று தடவை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை வந்த வெல்டர் கீலைத் தொடவே இல்லை. கேட்டைத் தாங்கும் காலைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டிவிட்டு, "இதை மாத்தாம கேட்டை என்ன பண்ணியும் பிரயோஜனம் இல்லை" என்றார். உள்ளே போய் என் பட்ஜெட் தாளை எடுத்துப் பார்த்தால், எல்லாக் கால்களுக்கும் ஒரே அளவு, ஒரே ஆழம் என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். கேட் காலுக்கென்று தனி வரியே கிடையாது. அன்றிலிருந்து எங்கே சாய்ந்த வேலியைப் பார்த்தாலும், தாளில் எந்த வரி விட்டுப்போய் இது வந்திருக்கும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். கீழே இருப்பதும் அந்த வரிசைதான்: என்ன தெரிகிறது, எதனால், இப்போதைக்கு என்ன செய்யலாம், கணக்கில் எதைச் சேர்க்க வேண்டும்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன், மூன்றும் மூன்று திசையில் இருக்கிறது

ஒருவர் ரன்னிங் அடிக்குச் சொல்வார், இன்னொருவர் சதுர அடிக்கு, வலை விற்பவர் கிலோவுக்கு. மூன்றையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் புரியாது. உங்கள் நீளம், உயரம் இரண்டையும் எழுதி (உதாரணத்துக்கு 100 அடி நீளம், 5 அடி உயரம், அதாவது 500 சதுர அடி) மொத்த வேலைக்கு எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள்.

அப்புறம் கம்பியின் கனம். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும், இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஏமாந்தவர்கள் நிறைய. பிரிட்டிஷ் கேஜ் அட்டவணைப்படி 10 கேஜ் என்றால் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் என்றால் 2.64. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் அதே வலையில் இரும்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. ஒரு கொட்டேஷன் மட்டும் சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும், இல்லையென்றால் வலைக் கண்ணின் அளவை 2 அங்குலத்திலிருந்து 3 அங்குலமாக ஏற்றியிருப்பார்கள். கேஜ் அட்டவணை எல்லா நாட்டிலும் ஒன்று இல்லை, அதனால் மில்லிமீட்டரில் எழுதி வாங்குவதுதான் பத்திரம்.

இன்னும் நாலு கேள்வி பாக்கி: கேட், கீல், தாழ்ப்பாள் எல்லாம் இந்தத் தொகைக்குள் வருகிறதா? பழைய வேலியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு? தோண்டிய மண் எங்கே போகும்? வண்டிக்கூலி? தோண்டிய மண் உதிர்ந்து கால் பங்காவது உப்பிவிடும், குழியின் அளவை வைத்து "கொஞ்சம்தானே" என்று நினைத்தால் தோட்டத்தின் நடுவில் ஒரு மேடு மிச்சமாகும்.

கால்கள் ஒன்று குறைகிறது, அல்லது கடைசி இடைவெளி மட்டும் அசிங்கமாக இருக்கிறது

100 அடிக்கு 8 அடிக்கு ஒரு கால் என்றால் எத்தனை? 12 என்பார்கள், கொஞ்சம் யோசித்தவர்கள் 13 என்பார்கள். வேண்டியது 14. நூறை எட்டால் வகுத்தால் 12.5, அதாவது 13 இடைவெளி, நேர்கோட்டில் இடைவெளியை விடக் கால் எப்போதும் ஒன்று அதிகம். கணினி நிரல் எழுதுபவர்களிடம் இந்த வகைத் தப்புக்கு 'வேலிக்கால் பிழை' என்றே பெயர் உண்டு, அவ்வளவு பேர் இதில் விழுந்திருக்கிறார்கள். சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் வேலியில் மட்டும் இரண்டும் சமம். கேட் வந்தால் அதற்கு இரண்டு கால் தனிக் கணக்கு, ஏனென்றால் அவை வேறு கனம், வேறு ஆழம்.

பொருள் வந்து இறங்கிய பிறகுதான் இது தெரிந்தது என்றால், கடைசி இடைவெளியை மட்டும் பத்தடி, பன்னிரண்டடி என்று இழுத்துச் சமாளிக்காதீர்கள். அங்கேதான் முதலில் தொய்யும். ஒரு கால் கூட வாங்கி, மொத்த நீளத்தையும் சமமாகப் பிரியுங்கள். மேலே சொன்ன 100 அடிக்கு இடைவெளி 7 அடி 8 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். பலகைச் சட்டங்களை முன்கூட்டியே 8 அடிக்கு வெட்டி வைத்திருந்தால் அது வேறு தலைவலி, அதனால் கால் நட்ட பிறகு அளந்து வெட்டுவதுதான் நல்லது.

சரிவான நிலமென்றால் டேப்பைத் தரையோடு போட்டு அளந்தது ஒன்று, நூலை மட்டமாகப் பிடித்து அளந்தது இன்னொன்று. தரையோடு சரிந்து ஓடும் வலைக்கு முதல் அளவு வேண்டும், படிப்படியாக இறங்கும் பலகைத் தட்டிகளுக்கு இரண்டாவது. படியாக இறக்கினால் ஒவ்வொரு தட்டிக்கு அடியிலும் முக்கோணமாக ஒரு சந்து விழும், நாய் புகுவதற்குத் தாராளமாகப் போதும். அதை அடைக்கும் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அளக்கும்போதே எல்லைக் கோட்டைப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரையும் கூடவே நிற்க வைத்து. உள்ளாட்சியில் உயரக் கட்டுப்பாடு உண்டா, மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாயோ மின்கேபிளோ ஓடுகிறதா என்று கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். வேலியைப் பிடுங்கி ஒன்றரை அடி தள்ளி நடுவதைவிட வீண்செலவு இந்த வேலையில் வேறு கிடையாது.

சிமெண்ட் மட்டும் தீர்ந்துகொண்டே போகிறது

இது திருட்டு இல்லை, குழியின் அகலம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 அடி விட்டம், இரண்டரை அடி ஆழக் குழி, அடியில் அரை அடிக்கு ஜல்லி, அதற்கு மேல் 2 அடிக்கு 1:2:4 கலவை (சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு பங்கு). நடுவில் நிற்கும் 4 அங்குலச் சதுரக் காலின் இடத்தைக் கழித்தால் ஒரு குழிக்கு ஏறக்குறைய 1.35 கன அடி கான்கிரீட், 50 கிலோ மூட்டையில் கால் மூட்டை. ஒரு மூட்டைக்கு நாலு குழி, 14 காலுக்கு மூன்றரை மூட்டை. இப்போது குழி வெட்டியவர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வசதிக்கு ஒன்றரை அடி அகலத்துக்கு வெட்டிவிட்டார் என்று வையுங்கள். ஆறு அங்குலம்தான் கூடியிருக்கிறது, கான்கிரீட் மட்டும் இரண்டரை மடங்குக்குக் கிட்டத்தில் போய், எட்டு மூட்டைக்கு மேல் கேட்கும். மணலும் ஜல்லியும் அதே விகிதத்தில் ஏறும்.

குழி வெட்டும் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது வீண் என்று தோன்றினால் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையால்தான் வெட்டுவது என்றால் முதல் குழியை நீங்களே பக்கத்தில் நின்று வெட்டச் சொல்லி, அந்த அளவுக்கு ஒரு குச்சியை வெட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே அகலமாக வெட்டியாகிவிட்டது என்றால், காலைச் சுற்றி ஒரு அடி விட்டத்துக்குத் தகரத்தையோ அட்டைக் குழாயையோ வைத்துக் கான்கிரீட் போட்டு, வெளிச்சுற்றை மண்ணால் இரண்டு மூன்று அங்குலமாக நிரப்பி இடித்துக்கொண்டே வரலாம். மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே மிதித்துவிட்டால் அது இடித்ததாகாது.

கால் சாய்கிறது

இங்கேதான் எல்லோரும் தப்பான இடத்தில் பணத்தைப் போடுகிறார்கள். சாய்ந்த காலை நிமிர்த்தி இன்னொரு சட்டிக் கான்கிரீட்டை மேலே ஊற்றினால் இரண்டு மழைக்குத் தாங்கும். முதலில் காலின் தலையைப் பிடித்துத் தள்ளுங்கள், ஆனால் கண் தரைமட்டத்தில் இருக்கட்டும். கூட ஒருவர் இருந்தால் அவரைத் தள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் குனிந்து பாருங்கள்.

கான்கிரீட் அசையாமல் அதற்குள் கால் மட்டும் ஆடினால், மரமென்றால் உள்ளே மக்கியிருக்கிறது அல்லது ஈரமாக நட்ட மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. ஒரு திருப்புளியைத் தரைமட்டத்தில் குத்திப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்தக் காலுக்கு வைத்தியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். இறங்காவிட்டால் மரம் நன்றாகத்தான் இருக்கிறது, சந்தில் மரச்சக்கை அடித்து இறுக்கி, மேல்விளிம்பில் தண்ணீர் இறங்காமல் அடைத்தால் இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

கான்கிரீட்டோடு சேர்ந்து மொத்தமாக ஆடினால் ஆழம் போதவில்லை. மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் என்பது பழைய கைக்கணக்கு, 6 அடி வேலிக்கு 9 அடிக் கால். பலர் 8 அடிக் காலில் 2 அடி புதைத்து நிறுத்திக்கொள்கிறார்கள், இறுகிய மண்ணில், காற்று அதிகமில்லாத இடத்தில் அது நிற்கவும் செய்யும், மணலிலும் கொட்டிய மண்ணிலும் நிற்காது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது, வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்கு. அதே மாதிரி மூடிய பலகை வேலியை 4 அடியிலிருந்து 6 அடியாக உயர்த்தினால் காலின் அடியைப் புரட்டும் விசை ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. உயரத்தைக் கூட்டும்போது பலகைச் செலவை மட்டும் கூட்டிவிட்டு ஆழத்தை அப்படியே விட்டதன் பலன்தான் அந்தச் சாய்வு. பலகையில் ஒன்று விட்டு ஒன்றைக் கழற்றிச் சந்து விட்டாலே காற்றுப் பாரம் கணிசமாகக் குறையும், மறைப்பு கொஞ்சம் போகும். எனக்கு இது பிடித்த வைத்தியம், ஏனென்றால் செலவு இல்லை.

எல்லாக் கால்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் காற்றையும் பாருங்கள், பின்னால் குவித்திருக்கும் மண்ணையும் பாருங்கள். வேலி மண்ணைத் தாங்குவதற்கில்லை. பூச்செடிப் பாத்திக்காக ஒன்றரை அடி மண்ணை வேலியின் மேல் சாய்த்துவிட்டு வேலி போட்டவரைத் திட்டுவது நியாயமில்லை. அந்த இடத்துக்குத் தனியாக ஒரு சிறிய தாங்குசுவர் வேண்டும், அது தனிச் செலவு.

மூலையிலும் ஓரத்திலும் இருக்கும் கால் மட்டும் உள்பக்கம் சாய்ந்தால் வலையின் இழுவை. முட்டுக்கால் கொடுக்காமல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஓரக் காலுக்கு ஒரு முட்டு, மூலைக் காலுக்கு இரண்டு திசைக்கும் ஒவ்வொன்று. வலையைத் தளர்த்தி, காலை நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, முட்டின் அடிக்கான்கிரீட் இறுகிய பிறகுதான் மறுபடி இழுக்க வேண்டும்.

கால் சாயாமல் மேலே எழும்பி வருகிறது என்றால், குளிர்நாட்டில் தரை உறைவதுதான் காரணம், உறையும் ஆழத்துக்குக் கீழே அடி இருக்க வேண்டும். வெயிலில் வெடித்து மழையில் ஊதும் களிமண்ணிலும் இதே கூத்து நடக்கும். இரண்டிலும் குழியின் வாயை விட அடியைக் கொஞ்சம் அகலமாக வெட்டினால் கால் பிடி கொடுக்கும். நம்மில் பலர் வெட்டுவது இதற்கு நேர்மாறாக, மேலே அகலம் கீழே குறுகல், அதை மண் அப்படியே தூக்கிவிடும்.

கேட் தொங்குகிறது, தாழ்ப்பாள் விழவில்லை

கேட்டின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கேட் சதுரமாகத்தான் இருக்கிறது, கால்தான் சாய்ந்திருக்கிறது, மேலே போய்ப் படியுங்கள். சமமில்லை என்றால் சட்டம் சரிந்திருக்கிறது. மரக் கேட்டில் குறுக்குச் சட்டத்தின் திசையைப் பாருங்கள்: கீழ்நுனி கீல் பக்கம், மேல்நுனி தாழ்ப்பாள் பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் பாரம் கீழ்க் கீலுக்கு இறங்கும். தலைகீழாக அடித்திருந்தால் அந்தச் சட்டம் சும்மா அழகுக்குத்தான். பிரிக்காமல் சரிசெய்ய வேண்டுமென்றால் கம்பியும் டர்ன்பக்கிளும் (திருகினால் கம்பியை இழுத்து இறுக்கும் கொக்கி) போதும், ஆனால் கம்பிக்குத் திசை மாறும், மேல்நுனி கீல் பக்கம், கீழ்நுனி தாழ்ப்பாள் பக்கம். மரம் முட்டுவது, கம்பி இழுப்பது, இவ்வளவுதான் வித்தியாசம்.

காலுக்கு எவ்வளவு பாரம் போகிறது என்பதையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். கேட்டின் எடையைப் பாதி அகலத்தால் பெருக்கி, கீல்களுக்கு இடையிலான உயரத்தால் வகுத்தால், மேல் கீல் காலைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுக்கிறது என்று வரும். 10 அடி அகல ஒற்றைக் கேட், 80 கிலோ, கீல் இடைவெளி 4 அடி: இழுவை 100 கிலோ. அதையே ஐந்தடியாக இரண்டு கதவு செய்தால் ஒவ்வொரு காலுக்கும் 25 கிலோ. ஒரு செட் கீல் கூடச் செலவாகும், காலின் கனத்திலும் அடிக்கான்கிரீட்டிலும் அதற்கு மேல் மிச்சமாகும். நான் இதைத் தெரிந்துகொண்டது மூன்றாவது தடவை கழற்றிய பிறகு.

இன்னொன்று, அவசரம். கான்கிரீட் 7 நாளில் தன் 28 நாள் வலுவில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டும், அதுவும் ஈரம் காட்டினால். கொத்தனாருக்கு அடுத்த நாள் வேறு வேலை இருக்கிறது என்பதற்காகப் போட்ட மறுநாளே கேட்டை மாட்ட விடாதீர்கள். கேட் மாட்டி, தாழ் விழுந்த பிறகுதான் கடைசித் தவணை என்று முதலிலேயே பேசி வைத்தால் இந்த அவசரம் தானாகக் குறையும்.

வலை தொய்கிறது, அடி தூக்குகிறது

ஓரக் கால்கள் நேராக இருந்தும் வலை தொய்ந்தால் இழுகம்பி இல்லை அல்லது தளர்ந்திருக்கிறது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று ஓட்டி டர்ன்பக்கிளால் முறுக்குங்கள். அடிக்கம்பியைத்தான் காசு மிச்சம் என்று விடுவார்கள், அடி தூக்குவதும் அதனால்தான். பின்னல் வலையில் ஒரு வசதி, மேலும் கீழும் நுனியை அவிழ்த்து ஒரு இழையைத் திருகி உருவினால் வலை இரண்டாகப் பிரியும். வெட்டாமலே நீளத்தைக் குறைத்து, அதே இழையைத் திருகி மறுபடி சேர்க்கலாம்.

தரைமட்டத்தில் மக்கல், துரு

மரமும் இரும்பும் கெடுவது தரைக்கு ஓரிரு அங்குலம் மேலும் கீழும்தான், ஈரமும் காற்றும் சேரும் இடம் அது. கான்கிரீட்டின் மேல்முகம் குழிவாக இருந்தால் காலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், வெளிப்பக்கமாகச் சரித்துப் பூசுங்கள். பலகையின் அடி மண்ணைத் தொடாமல் இரண்டு அங்குலமாவது தூக்கி இருக்கட்டும்.

மருந்தேற்றிய மரத்தை வெட்டியபின் வெட்டுமுகத்தில் மருந்து பூச மறந்துவிடுவார்கள், கரையானுக்கு அதுவே வாசல். இப்போது வரும் மர மருந்துகளில் செம்பு அதிகம், அது சாதாரண ஆணியை அரித்துவிடும், நன்றாக நாகம் (துத்தநாகம்) ஏற்றிய ஆணியோ துருப்பிடிக்காத எஃகுத் திருகோ வாங்குங்கள். மருந்தேற்றிய மரத்துண்டுகளை அடுப்பிலோ தோட்டத்திலோ எரிக்கக் கூடாது, புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும், அதை அப்புறப்படுத்தவும் ஒரு வரி.

இரும்புப் பைப் உள்ளிருந்து துருப்பிடித்தால் தலைமூடி இல்லை என்று அர்த்தம், மொத்தப் பட்டியலிலும் மிகச் சின்னச் செலவு அதுதான். வெல்டிங் அடித்த இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும், சுரண்டி நாகப் பெயிண்ட் அடிக்காவிட்டால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு செந்நிறக் கோடாக வழியும்.

பந்தலின் உத்தரம் தொய்கிறது, அல்லது பந்தலே ஆடுகிறது

தொய்வுக்கு முதலில் சட்டம் எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கு ஆறு அங்குலச் சட்டத்தைப் படுக்கையாக வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் விறைப்பு ஒன்பது மடங்கு. அதே மரம்தான், அதே காசுதான். நிமிர்த்தியும் தொய்கிறது என்றால் தாவும் தூரம் அதிகம். சமமாகப் பரவிய பாரத்தில் தொய்வு தூரத்தின் நான்காம் மடியில் ஏறுகிறது, 8 அடியை 10 அடியாக்கினால், மற்றது எதுவும் மாறாமலே, ஓரடி நீளத்துக்கான பாரம் அதேயாக இருந்தும் தொய்வு இரண்டரை மடங்குக்குக் கிட்டத்தில் போகும். பெரிய மரம் வாங்குவதா, நடுவில் ஒரு கால் கொடுப்பதா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கால்தான் மலிவான பதில்.

ஆடினால் மூலைகளில் சாய்முட்டு இல்லை. உத்தரத்துக்கும் காலுக்கும் இடையில் 45 பாகையில் இரண்டடி நீளச் சட்டம், இரண்டு திசையிலும், அவ்வளவுதான்.

திறந்த பந்தலுக்குப் பின்னாளில் ஷீட் போடுவதாக ஆசை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஷீட் ஏறிய நிமிடமே அது கப்பல் பாய் மாதிரி, காற்று அதைக் கீழே அமுக்குவது மட்டுமில்லை, மேலே தூக்கவும் செய்யும், வெறுமனே கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் கால் அப்படியே எழும்பிவிடும். கொடி ஏற்றுவதற்கும் இதே எச்சரிக்கை கொஞ்சம் உண்டு, மழையில் நனைந்த முதிர்ந்த கொடியின் எடை நட்டபோது இருந்த இரண்டு இலையை வைத்துக் கணிக்க முடியாது.

ஷெட் கதவு பிடிக்கிறது

மழைக்காலத்தில் மட்டும் பிடித்தால் மரம் ஊதியிருக்கிறது, காயும் வரை பொறுத்து விளிம்பை லேசாக இழைத்து அங்கே பெயிண்ட் அடியுங்கள். வருடம் முழுக்கப் பிடித்தால் தளம் ஒரு மூலையில் இறங்கியிருக்கும், ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும். ஜாக்கி கொடுத்து அந்த மூலையைத் தூக்கி அடியில் கல் வைக்கலாம், ஆனால் கூரைத் தண்ணீர் அதே மூலையில் கொட்டிக்கொண்டிருந்தால் அடுத்த மழையில் மறுபடி இறங்கும். முதலில் தண்ணீரைத் திருப்புங்கள்.

பாதியில் பணம் தீர்ந்துவிட்டது

மேலே உள்ளதில் எத்தனை வரி உங்கள் தாளில் இல்லை என்று எண்ணிப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். பொருளில் வெட்டு வீணுக்கு பத்தில் ஒரு பங்கு, மொத்தத்தில் எதிர்பாராததற்கு இன்னொரு பத்திலிருந்து பதினைந்து சதவீதம், இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும், ஒன்றாக்கினால் முதல் வாரத்திலேயே கரைந்துவிடும்.

இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது? மண்ணுக்குள் போவதில் குறைக்காதீர்கள், மேலே தெரிவதில் குறையுங்கள். எல்லாக் கால்களையும் முழு ஆழத்தில், முழுக் கனத்தில் நட்டுவிட்டு, பலகைக்குப் பதில் இந்த வருடம் வெறும் வலையோ இரண்டு வரிக் கம்பியோ கட்டலாம். உயரத்தை 6 அடியிலிருந்து 5 அடியாக்கலாம். வேலியைத் தெருப்பக்கம் மட்டும் முடித்து, பின்பக்கத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம், ஆனால் வேலை நிற்கும் இடத்துக் காலை ஓரக் காலாக முட்டோடு நடுங்கள், சாதாரண நடுக்காலில் வலையை முடித்தால் அது ஒரு வருடத்தில் சாய்ந்துவிடும். பெயிண்டைத் தள்ளிப் போடுவது இரும்பில் ஆபத்து, மருந்தேற்றிய ஈர மரத்தில் நல்லது, அது காய்ந்த பிறகுதான் பெயிண்ட் பிடிக்கும். கேட்டை மட்டும் தற்காலிகமாகச் செய்யலாம், தட்டி ஒன்றைக் கட்டி வைத்தால்கூடப் போதும். அதன் கால்களை மட்டும் நாளைக்கு வரப்போகும் கேட்டின் எடைக்கு இன்றே நட்டுவிடுங்கள்.